அனுராதபுரத்துத் தங்கமீன் பூங்கா: மாணவருடன் செல்வோர் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

ஒட்டுசுட்டான் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். பத்தாம், பதினோராந் தர மாணவர்களை அனுராதபுரத்துக்கு ஒருநாட் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்துள்ளது. வழக்கமாக நம் பகுதியிலிருந்து செல்லும் பேருந்துகள் ஸ்ரீ மகாபோதியில் தொடங்கி ருவன்வெலிசாய, ஜேதவனராமய என்று ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். நண்பகலுக்குள் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். மாலையில் எந்தத் தாதுகோபம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் விடை தெரியாது.

என் மாணவரிற் பெரும்பாலோர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு எது, மிகைநீர் வழியும் வான் எது, நீர் பரவி நிற்கும் அலைகரை எது என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் திசாவாவியின் கட்டுக்குக் கீழே இருக்கும் ரன்மசு உயன (தங்கமீன் பூங்கா) என்னும் பழைய அரச பூங்காவையும், அந்த வாவிக்கு நீர் கொண்டுவரும் யோத எல வாய்க்காலையும் காட்டினால், பாடநூலில் நீர்ப்பாசனத் தொழினுட்பம் என்று படிப்பதை அவர்கள் தம் கண்ணாலேயே அளந்து பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் அங்கே உடைந்த தடாகங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும், அரைநாளை அதற்குச் செலவிடுவது வீண் என்றும் உடன் கற்பிக்கும் சிலர் சொல்கிறார்கள். சென்று வந்தவர்கள், சிறப்பாக நீர்ப்பாசனம் அறிந்தவர்கள், அந்தப் பூங்காவில் எதை, எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்றும், எந்த மாதத்திற் சென்றால் தடாகங்களில் நீர் இருக்கும் என்றும் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

வவுனியா, ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அரைநாளை அங்கே செலவிடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் பூங்காவின் வாயிலில் பேருந்தை நிறுத்திப் பிள்ளைகளை நேரே தடாகங்களுக்குள் இறக்கிவிட்டால், உங்கள் சக ஆசிரியர்கள் சொன்னதுபோலக் கற்படிகளும் பாறைகளும் மட்டுமே அவர்கள் கண்ணிற்படும். முதலில் திசாவாவிக் கட்டின்மேல் ஏறுங்கள். ஒரு பக்கம் நீர்ப்பரப்பையும் மறுபக்கம் தாழ்வாகக் கிடக்கும் பூங்காவையும் ஒருசேரப் பார்த்து, வாவியின் நீர்மட்டத்துக்கும் பூங்காவின் தரைக்கும் இடையிலுள்ள உயரவேறுபாட்டை மாணவர்களைக் கொண்டே மதிப்பிடச் செய்யுங்கள். அந்த உயரவேறுபாடுதான் பூங்கா முழுவதையும் இயக்கியது. நிலத்தடிக் குழாய்கள் வழியாக, இறைப்பு எதுவுமின்றி, நீர் தன் அழுத்தத்தாலேயே தடாகங்களுக்கு வந்து சேர்ந்தது. இதைக் கட்டின்மேல் நின்று விளங்கிக்கொண்ட பிள்ளை கீழே இறங்கியதும் நீர் எந்தத் துவாரத்தால் வந்தது, எந்த வழியால் வெளியேறியது என்று தானாகவே தேடத் தொடங்கிவிடும்.

திசாவாவி கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட தேவநம்பியதீசன் கட்டுவித்தது என்பது மரபு. ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புள்ள பூங்காவும் அத்துடன் சேர்ந்து வளர்ந்தது. இன்று நாம் காணும் கல்வேலைகளிற் பல பிற்காலத்தவை. நகரம் பெருகப் பெருகச் சுற்றிலுமுள்ள நீரேந்து நிலம் மட்டும் போதாமற் போனபோது, 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் தெற்கே கலாவாவியைக் கட்டி, அங்கிருந்து திசாவாவி வரை ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான வாய்க்காலை வெட்டுவித்தான். ஜயகங்கை என்றும் யோத எல என்றும் அழைக்கப்படுவது அதுதான்.

அந்த வாய்க்காலின் முதல் 27 கிலோமீற்றர் வரையான பகுதியில் சாய்வு கிலோமீற்றருக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் மட்டுமே. மட்டங்காணும் கருவியோடு வயல்வெளிகளில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: அவ்வளவு சிறிய சாய்வை அவ்வளவு தூரத்துக்குத் தவறாமற் கொண்டுபோவது இன்றைய கருவிகளுடனும் கவனம் வேண்டும் வேலை. சாய்வு கூடினால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தேங்கி வாய்க்கால் தூர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவிலே அவர்கள் நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இரணைமடுக் குளத்தின் வலதுகரை, இடதுகரை வாய்க்கால்களுக்கு இரு பக்கமும் கரை இருப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். யோத எலவுக்குத் தாழ்ந்த பக்கத்தில் மட்டுமே கட்டு உண்டு; மேற்பக்கம் இயற்கை நிலத்தோடு திறந்தே விடப்பட்டது. அதனால் மேட்டிலிருந்து வரும் மழைநீரெல்லாம் வழியிலேயே வாய்க்காலிற் சேர்ந்தது. நீர் பரவி மெதுவாக நடந்ததால் மண் படிந்து தெளிந்தது. மாடுகளும் காட்டு விலங்குகளும் இறங்கிக் குடிக்க இடம் கிடைத்தது. கீழ்ப்பக்கத்துச் சிறு குளங்கள் பலவும் அதிலிருந்து நிரம்பின. ஒரே வெட்டு வாய்க்காலாகவும் நீண்ட குளமாகவும் வேலை செய்தது என்றால் அது மிகையன்று.

நீரின் அழுத்தத்தைப் பற்றி வகுப்பிலேயே ஒரு பாடம் எடுத்துவிட்டுச் செல்வது நல்லது. வெளியேறும் நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், பிசோக்கொட்டுவ என்று பாடநூலில் வரும் துருசுக் கிணற்றைப் படத்திற் பார்த்திருப்பார்கள். பழைய துருசுகளை ஆராய்ந்த பிரித்தானியப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் கருத்திற்கொண்ட குளங்களில் நம் வவுனிக்குளமும் பாவற்குளமும் இருந்தன. ஆகவே, இந்தத் தொழினுட்பத்தை வேறெங்கோ உள்ள அதிசயமாகப் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. தங்கள் வயலுக்கு நீர் வரும் அதே அறிவு மரபின் அரசமாளிகைப் பக்கத்தைப் பார்க்கப் போகிறார்கள், அவ்வளவே.

கிளிநொச்சி வாசகி

ஐயா நீரைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. ஆனால் சிற்பங்களை விட்டுவிட்டு அந்தப் பூங்காவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். தடாகமொன்றின் அருகே, பாறையின் இயற்கையான வளைவுகளை அப்படியே பயன்படுத்தி, தாமரைகளுக்கிடையில் நீராடும் யானைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். தடாகம் நிறைந்திருக்கும்போது யானைகள் உண்மையாகவே நீருக்குள் இறங்கி நிற்பதுபோலத் தோன்றும்படி சிற்பி இடத்தைத் தேர்ந்திருக்கிறார். நீர் வற்றிய காலத்திற் போனால் இந்த எண்ணத்தில் பாதி போய்விடும். ஆகவே, எந்த மாதம் என்ற உங்கள் கேள்வி சிற்பத்துக்கும் பொருந்தும்.

பூங்காவுக்கு அடுத்தாற்போல் நடந்து செல்லும் தூரத்தில் இசுறுமுனிய விகாரை இருக்கிறது. அங்கேயும் தடாகத்தை ஒட்டிய பாறையில் இதே வகையான யானைகள் உண்டு. இரண்டையும் ஆய்வாளர்கள் பல்லவக் கலையோடு ஒப்பிடுகிறார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் யானைகள் நிற்கும் படத்தை முன்கூட்டியே அச்செடுத்துக் கொண்டுபோய், மாணவர் கையிற் கொடுத்து, அங்கேயே ஒப்பிடச் சொல்லுங்கள். 7ஆம் நூற்றாண்டில் மானவர்மன் என்னும் இளவரசன் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் பெற்று, அவன் தந்த படையுதவியோடு திரும்பி வந்து அனுராதபுரத்து அரியணையைப் பிடித்தான் என்று இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. காஞ்சிக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே படைகள் மட்டுமன்றிச் சிற்பிகளின் கைப்பழக்கமும் கடல் கடந்து போய்வந்தது என்பதைப் பிள்ளைகள் அந்தப் பாறையின் முன்னால் நின்று புரிந்துகொள்ளட்டும். நம் பாடசாலைகளில் இந்த உறவைப் போர்களின் பட்டியலாக மட்டுமே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இசுறுமுனிய அரும்பொருட் கூடத்திலுள்ள காதலர் சிற்பத்தையும் அரச குடும்பச் சிற்பத்தையும் தவறவிடாதீர்கள். அவை முதலில் அரச பூங்காவிலேயே இருந்தவை என்று கருதப்படுகிறது. காதலர் சிற்பத்தைத் துட்டகைமுனுவின் மகன் சாலியவும் அவன் மணந்த அசோகமாலாவும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இருவரும் இந்தப் பூங்காவிலேயே சந்தித்தார்கள் என்பதும் கதை. கதை இனிமையானது, ஆனால் சிற்பத்தின் பாணி குப்தர் காலத்தைச் சார்ந்தது, அதாவது அந்த இளவரசனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. வாய்மொழிக் கதையையும் கலைப்பாணி தரும் சான்றையும் வேறுபடுத்திப் பார்க்கப் பதினோராந் தரப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது.

செட்டிகுளம், வாகன ஓட்டுநர்

பயண ஒழுங்குகளை மட்டும் சொல்கிறேன். ஏ-9 வீதியில் வவுனியாவைக் கடந்து, மதவாச்சி வழியாக ரம்பாவ வரை சென்று அங்கே அனுராதபுர வீதிக்குத் திரும்ப வேண்டும். வவுனியாவிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீற்றர். ஒட்டுசுட்டானிலிருந்து விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்கு முன் திசாவாவிக் கட்டில் நிற்கலாம். பூங்காவை முதலிலும் தாதுகோபங்களைப் பின்னேரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள் ரீச்சர். மாறிச் செய்தால் நண்பகல் வெயிலிற் பாறை கொதிக்கும், பிள்ளைகள் நிற்கமாட்டார்கள்.

பௌர்ணமியன்று வரும் போயா தினங்களைத் தவிருங்கள். ஆனி மாதப் பொசன் நாட்களில் மிகிந்தலைக்கும் அனுராதபுரத்துக்கும் நாடு முழுவதிலுமிருந்து மக்கள் வருவார்கள்; பேருந்து நிறுத்தவே இடம் கிடைக்காது. இசுறுமுனியவிலும் மகாபோதியிலும் பாதணி கழற்ற வேண்டும், முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும். பாடசாலைச் சீருடை போதுமானது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உங்களுடன் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் எவராவது வருவதானால், அவர்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருக்கும். சாப்பாட்டுப் பொதிகளைப் பூங்காவுக்குள் எடுத்துச் செல்ல வேண்டாம். குரங்குகள் கையிலிருந்தே பறித்துவிடும்.

ஒட்டுசுட்டான் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. கட்டின்மேல் தொடங்கும் ஒழுங்கையே வைத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்துப் படத்தை அச்செடுக்கவும் ஏற்பாடு செய்கிறேன்.

இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. பூங்காவின் பாறையொன்றில் சக்வல சக்கரய என்னும் வட்டவடிவச் செதுக்கல் உள்ளது. இதை விண்வெளிக்குச் செல்லும் வாயில் என்று சொல்லும் காணொளிகளை என் மாணவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். பூங்கா என்றதும் அவர்கள் முதலிற் கேட்டது அதைத்தான். அதை எப்படிக் கையாள்வது? அடுத்தது, தடாகங்களுக்கு விடப்பட்ட நீர் அதன்பிறகு எங்கே போனது? அரசனும் அரசமாளிகைப் பெண்களும் நீராடுவதற்காக இவ்வளவு நீரையும் வீணாக்கினார்களா என்று ஒரு மாணவி வகுப்பிற் கேட்டாள். அவளுடைய தகப்பனார் சிறுபோகத்துக்கு நீர் கிடையாமல் வயலைத் தரிசாக விட்டவர். அந்தக் கேள்விக்குச் சரியான விடையோடு அவளை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கிளிநொச்சி வாசகி

செதுக்கலை மறைக்க வேண்டாம். அதன் முன்னால் அமரச் செய்து, பார்த்ததை அப்படியே வரையச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1.8 மீற்றர் விட்டமுள்ள வட்டம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமான கோடுகள், சிறு வட்டங்கள். வெளி வளையத்தில் மீன் முதலிய நீர்வாழ் உயிரினங்கள். எதிரே பாறையிற் குடைந்த இருக்கைகள். 1890இல் இலங்கையின் முதலாவது தொல்பொருள் ஆணையாளராகப் பதவியேற்ற எச். சி. பி. பெல் இதைப் பழைய உலகப்படமாக, அதாவது பௌத்த மரபு கண்ட அண்டத்தின் வரைபடமாக விளக்கினார். வெளி வளையத்து மீன்களை உலகைச் சூழ்ந்த கடலாகக் கொண்டால் அந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. விண்வெளி வாயில் என்பதற்குத் தொல்பொருட் சான்று எதுவும் கிடையாது. காணொளியிற் சொன்னதையும் தாம் கண்டு வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிராது.

வவுனியா, ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்

அந்த மாணவியின் கேள்வி என்னை மகிழ்வித்தது. நீர்ப்பாசனக் கூட்டத்திற் கேட்க வேண்டிய கேள்வியை வகுப்பிலே கேட்டிருக்கிறாள். விடை கல்லிலேயே இருக்கிறது. இசுறுமுனியவுக்குத் தெற்கே வெஸ்ஸகிரியில் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் மகிந்தன் காலத்துக் கல்வெட்டு, திசாவாவி நீரைப் பங்கிடும் முறையைக் கூறுகிறது. வாவியிலிருந்து விடப்படும் நீர் முதலிற் பூங்காவின் தடாகங்களுக்குச் செல்லும். அங்கிருந்து விகாரைக்கும் அதற்குரிய வயல்களுக்கும் செல்லும். தடாகம் நீர் முடியும் இடமாக அமைக்கப்படவில்லை. நீர் வயலுக்குப் போகும் வழியில் அமைக்கப்பட்டிருந்தது. நீராடியவர்கள் நீரைச் செலவழிக்கவில்லை, சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். தடாகத்தின் வடிகாலைத் தேடிக் கண்டுபிடித்து, அது எந்தத் திசையை நோக்கிச் செல்கிறது என்று பார்த்து, பிறகு இசுறுமுனியப் பாறையின்மேல் ஏறிக் கீழே பரந்து கிடக்கும் நிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பொழுது தன் கேள்விக்குத் தானே விடை சொல்வாள்.

அதற்காக அரசர் காலத்தில் எல்லாக் கமக்காரருக்கும் நீர் சமமாகக் கிடைத்தது என்று சொல்லிவிடாதீர்கள். விகாரை வயலுக்கு இந்த நீர் உரியது என்று கல்வெட்டிலே எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த நீருக்கு வேறு பலரும் உரிமை கோரியிருந்தார்கள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அடம்பன் கமக்காரர்

ஐயா வயலோடு நிறுத்திவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோகிறேன். திசாவாவியும் அதன் வயல்களும் மல்வத்து ஓயாவின் படுகையில் உள்ளவை. அனுராதபுரத்தின் பக்கமாக ஓடும் அந்த ஆறுதான் வவுனியா மாவட்டத்தின் தெற்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு மன்னாருக்குள் வந்து அருவியாறு என்று பெயர் பெறுகிறது. 164 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு மகாவலிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்குளத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் காலபோக வயல்களுக்கு இறங்குகிறது. அனுராதபுரத்து வயல்களில் வடிந்த நீரில் மிச்சமாக ஆற்றிற் சேர்ந்தது எங்கள் நெல்லுக்கும் பாய்கிறது என்பதை உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள். மேலே அதிகமாகப் பிடித்துவைத்தால் கீழே எங்களுக்குக் குறையும், மேலே கதவுகளை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கீழே எங்கள் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரே ஆற்றின் மேலும் கீழும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது நல்லது என்பதனாலேயே, எங்கள் பக்கத்துப் பாடசாலைகளும் அனுராதபுரத்துக் குளங்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வவுனியா, ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர்

அடம்பன் தம்பி சொன்னது முழுவதும் சரி. மாதத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். ஆவணி, புரட்டாதியில் வேண்டாம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வாவி நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. பொங்கலுக்குப் பிந்திய வாரங்களில் வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். ஆனால் வாவியில் நீர் இருப்பதாலேயே தடாகத்தில் நீர் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீர் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று அனுராதபுரத்து நீர்ப்பாசன அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள். நிறைந்திருக்கும் தடாகங்களின் விளிம்பில் பாசி வழுக்கும். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது உடன் நிற்க வேண்டும், எவரையும் இறங்கிக் குளிக்க விடக்கூடாது.

கலாவாவியையும் சேர்க்க ஒருநாள் போதாது. வலயக் கல்வி அலுவலகம் இரண்டு நாட்களுக்கு அனுமதி தந்தால் மட்டும், இரண்டாம் நாள் காலையிற் கலாவாவிக்குச் சென்று யோத எல புறப்படும் துருசைக் காட்டுங்கள். 1887இல் புனரமைக்கப்பட்ட அந்தக் குளத்துக்கு 1976இற்குப் பின் பொல்கொல்ல, போவத்தன்ன வழியாக மகாவலி நீரும் வருகிறது. ஆகவே, மலைநாட்டு மழை தாதுசேனன் வெட்டிய வாய்க்காலிற் கலந்து அனுராதபுரத்துக்குப் போவதை மாணவர்கள் வரைபடத்திற் குறித்துக்கொள்ளலாம். மகன் காசியப்பன் செல்வம் எங்கே என்று கேட்டு ஆளனுப்பியபோது, சிறைப்பட்டிருந்த தாதுசேனன் அவர்களை இந்தக் குளத்துக்கே அழைத்துவந்து, நீரைக் கையில் அள்ளி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்று காட்டினான் என்னும் சூளவம்சக் கதையைச் சொல்ல அந்தக் கட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பக்கத்திலேயே சுமார் 12 மீற்றர் உயரமான அவுக்கன புத்தர் சிலையையும் பார்த்துவிட்டு, கெக்கிராவையில் ஏ-9 வீதியைப் பிடித்தால் மிகிந்தலை, ரம்பாவ, மதவாச்சி வழியாக நேரே வவுனியாவுக்கு வந்துவிடலாம். அனுராதபுரத்துக்குள் மீண்டும் நுழைய வேண்டியதில்லை. ஒருநாள்தான் கிடைக்கும் என்றால் கலாவாவியை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிட்டு, திசாவாவி, பூங்கா, இசுறுமுனிய மூன்றையும் நிதானமாகப் பாருங்கள்.